முதலாளி சம்சாரம்

ஜனவரி 12

அன்புள்ள சின்னுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். அங்கே எல்லோரும் நலமா என்று கேட்கப்போவதில்லை. எல்லோரும் நலமாக இருந்துவிடக் கூடாது என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீ நலமா? அடுப்புத் தட்டில் சூடு பட்ட விரல் ஆறிவிட்டதா? உன்னைப் பற்றி மட்டும் எழுது.

அறை மூன்றாவது மாடியில். ஒரே ஒரு சன்னல், அதைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். கையை நீட்டினால் அவர்கள் வீட்டுத் தண்ணீர்க்குழாயைத் தொடலாம். வீட்டுக்காரம்மா தினமும் படியில் நிறுத்தி, "என்னம்மா, வேலை ஏதாச்சும் தெகஞ்சுதா?" என்று கேட்கிறார். அக்கறையாகக் கேட்கிறாரா, வாடகைக்காகக் கேட்கிறாரா என்று இன்னும் பிடிபடவில்லை.

ரொட்டிக்கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறேன். எல்லா இடத்திலும் ஒரே பேச்சுதான்.

"முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?"

"எங்க பேக்கரியிலதான்."

"சொந்தக் கடையா? அப்புறம் ஏன் வேலை தேடுறீங்க?"

"என் வீட்டுக்காரர் கடை."

"ஓ... முதலாளி சம்சாரமா!"

அவ்வளவுதான். உடனே நாற்காலி போடுகிறார்கள், டீ தருகிறார்கள், போய்வரச் சொல்கிறார்கள். மரியாதைக்குக் குறைவில்லை சின்னு, வேலைதான் கிடைக்கமாட்டேன் என்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கடையில் நான் மாவில் கைவைக்காத நாள் உண்டா? ஒரு பைசா சம்பளம் உண்டா? அதையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கல்லாவில் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்று உங்கண்ணன் அழைத்துவந்தவள் என் கட்டில்வரை வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "கடை என் பேர்ல இருக்கு, வீடு என் பேர்ல இருக்கு. உனக்கு எது பிடிக்கலையோ அதை விட்டுட்டுப் போ" என்றார். இரண்டையும் விட்டுவிட்டு வந்தேன். ஆனால் அந்த வார்த்தையை விட்டுவிட்டு வரவில்லை. பெட்டியில் துணிக்கு அடியில் அதைத்தான் மடித்து வைத்திருக்கிறேன்.

கடிதத்தைப் பக்கத்துக் கடைத் தையல்கார அக்கா பேருக்கு அனுப்புகிறேன். அவர் ரகசியமாக உன்னிடம் சேர்த்துவிடுவார். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 3

அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். விரல் ஆறிவிட்டது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

இன்னும் அண்ணி என்று எழுதலாமா என்று யோசித்தேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

கடைக்குப் போன் செய்யாதீர்கள். போன் எப்போதும் அண்ணன் கையில்தான் இருக்கிறது. நீங்கள் பேசினீர்கள் என்று தெரிந்தால் என்னைத்தான் பிடித்துக்கொள்வார். கடிதமே போதும்.

கல்லாவில் இருப்பவர் சமையலறைக்குள்ளும் வரத் தொடங்கிவிட்டார். தட்டுகளை இடம் மாற்றி வைத்திருக்கிறார். நான் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன். வேலை எப்போதும்போல நடக்கிறது.

வேலை சீக்கிரம் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
சின்னு


பிப்ரவரி 20

அன்புள்ள சின்னுவுக்கு,

நலமாக இருக்கிறாயா? நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதப் பேனா மறுக்கிறது.

ரயிலடிக்குப் பக்கத்தில் பெரிய பேக்கரி ஒன்று. முதலாளி வயதானவர், வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு தானே மாவுமேடையில் நிற்கிறார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "பேச்செல்லாம் வேணாம்மா, ஒரு ஈடு போட்டுக் காட்டுங்க" என்றார். போட்டேன். பன்னைப் பிட்டு, மோந்து பார்த்து, பக்கத்தில் நின்ற மகனிடம் நீட்டினார். இருவரும் முழுதாகத் தின்று முடித்தார்கள். "திங்கக்கிழமை வந்துருங்க. ஒரு மரியாதைக்கு உங்க பழைய இடத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்காரம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை போனால் மனிதர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "தப்பா நினைக்காதீங்க. போன் பண்ணேன். ஒரு பொம்பளதான் எடுத்தாங்க. அங்க மாவு வேலை பாக்குறது வேற ஆளாம். நீங்க முதலாளி சம்சாரம், கல்லாவுல இருப்பீங்களாம். எனக்குப் பொய் சொல்றவங்க ஆகாதும்மா. அன்னைக்கு நீங்க போட்டது நல்லாத்தான் இருந்தது. ஆனா ஒரு ஈடு யாருக்கும் அமையும்."

பொம்பளையாம்! யார் என்று கேட்கவும் வேண்டுமா? என் கட்டிலில் படுத்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, இப்போது என் வாயில் மண்ணையும் அள்ளிப் போடுகிறாள். அந்த மனிதர் முன்னால் நான் பொய்க்காரியாக நின்றேன் சின்னு.

வயிற்றுப்பாட்டுக்கு ஓர் அலுவலகச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவுகிறேன். நாள் முழுக்கச் சோப்புநுரை. ஒவ்வொரு தட்டையும் அவள் மூஞ்சி என்று நினைத்துத்தான் தேய்க்கிறேன். மேற்பார்வையாளர் என் வேலை பளபளப்பாக இருக்கிறதென்று பாராட்டுகிறார்.

உனக்கென்ன, கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று இருந்துவிட்டாய். நிம்மதி. ஒருத்தனிடம் மாட்டிக்கொண்டு என்னைப்போலச் சந்தி சிரிக்க வேண்டியதில்லை.

அவள் போனில் பேசியது உன் காதில் ஏதாவது விழுந்ததா? எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். பாத்திரம் கழுவி உங்கள் கை புண்ணாகாமல் இருக்கிறதா?

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். நீங்கள் போன பிறகு உதவிக்கு வேறு ஆள் வைக்கவில்லை.

போனில் யார் பேசியது என்று கேட்டிருந்தீர்கள். முன்பக்கம் உட்கார்ந்திருப்பது அவர்தான். நான் பின்பக்கம். பின்பக்கத்தில் மெஷின் சத்தம்தான் கேட்கும்.

ஒரு செய்தி. ஆற்றுப்பாலத்துக்கு அருகே புதிதாகக் கட்டிய ஓட்டலுக்குத் தினமும் ரொட்டி கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு அண்ணன் அலைகிறார். அது கிடைத்தால் கடையை இரண்டு மடங்காக்கிவிடலாம் என்கிறார். ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் நேரில் வந்து ருசி பார்த்த பிறகுதான் முடிவு சொல்வாராம். அவர்கள் கேட்பது நீளமான பால்ரொட்டி. அதன் சேர்மானம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் எப்போதும் நீங்களே கலந்து, பிசைய மட்டும் என்னிடம் கொடுப்பீர்கள். அண்ணன் என்னைச் செய்யச் சொல்கிறார். என்ன செய்வது என்று தெரியவில்லை.

உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சின்னு


மார்ச் 22

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று இரண்டாவது இடமும் கைநழுவிப் போனது. பள்ளிக்கூடங்களுக்கு பன் அனுப்பும் ஒரு பெரிய சமையல்கூடம். அவர்களும் போன் செய்தார்களாம், அதே பொம்பளைக் குரல், அதே பதில். படியிறங்கும்போது எனக்குக் கண் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். அழுகை இல்லை, கோபம். அழுதிருந்தால்கூடக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

இனி ஒன்றே ஒன்றுதான். அவர்கள் இரண்டு பேரும் நல்லா இருக்கக் கூடாது.

பால்ரொட்டி சொல்கிறேன், கவனமாகக் கேள். மாவில் பாதிக்குச் சற்று மேலே தண்ணீர், அதில் கால்பங்கு பாலாக இருக்கட்டும். பாலைக் கொதிக்கவைத்து ஆற்றித்தான் சேர்க்க வேண்டும், பச்சைப்பால் ஆகாது. சர்க்கரை ஒரு கைப்பிடிதான். வெண்ணெயை ஆரம்பத்தில் போட்டுவிடாதே. மாவு இழுத்தால் அறுந்துபோகாமல் மெல்லிய துணிபோல விரியும் பார், அதற்குப் பிறகுதான் போட வேண்டும். யாரும் பிசகுவது அந்த இடத்தில்தான். இந்தச் சேர்மானத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. உங்கண்ணனுக்கும் தெரியாது.

இப்போது நீ எனக்காகச் செய்ய வேண்டியது. ஓட்டல்காரர் வரும் நாளில் எல்லாவற்றையும் நான் சொன்னபடியே செய். உப்பை மட்டும் போடாதே. ரொட்டி நன்றாக எழும்பும், பார்க்க லட்சணமாக இருக்கும், அறுத்தால் பஞ்சாக இருக்கும். வாயில் வைத்தால் ஒன்றுமே இருக்காது. யாருக்கும் கெடுதல் கிடையாது, வயிற்றுக்கும் ஒன்றும் செய்யாது. உங்கண்ணன் மூக்கறுபட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். முடிந்தால் அந்தப் பழி கல்லாக்காரி தலையில் விழும்படி பார்த்துக்கொள்.

செய்வாயா? நீ பயந்த சுபாவம், எனக்குத் தெரியும். ஆனால் உன்னை விட்டால் எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

நலமாக இரு. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 30

அண்ணிக்கு,

வணக்கம். நலம். நலமறிய ஆவல்.

செய்துவிட்டேன்.

ஓட்டலில் இருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைமைச் சமையல்காரர் பெரிய ஆகிருதி, ஆனால் மெதுவாகப் பேசுகிறவர். அன்று கல்லாவில் இருப்பவர் புது உடை உடுத்தி, தலைக்கு வலை போட்டுக்கொண்டு சமையலறையில் வந்து நின்றார். எல்லாவற்றையும் தானே அளந்து கொடுப்பதாகச் சொன்னார். ஓட்டல்காரர்கள் முன்னால் தான்தான் எல்லாம் பார்த்துக்கொள்வதாகக் காட்ட வேண்டும் அல்லவா. உப்பையும் அவரே அளந்து கிண்ணத்தில் வைத்தார். அவர் திரும்பியபோது நான் அதைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

ரொட்டி மேலே கொஞ்சம் வெளுப்பு. மற்றபடி நீங்கள் சொன்னது போலவே அழகாக வந்தது. சமையல்காரர் பிட்டு, மோந்து பார்த்து, வாயில் போட்டார். இரண்டு தரம் மென்றுவிட்டு நிறுத்தினார்.

"இதுல என்ன இல்ல?" என்று கேட்டார்.

அண்ணன் ஒரு துண்டைப் பிடுங்கித் தின்றுவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு? பஞ்சு மாதிரி இருக்கு" என்றார்.

"ஆமா, பஞ்சு மாதிரிதான் இருக்கு. உப்பு போடணும்னுகூடத் தெரியாதவங்ககிட்ட நான் தினமும் வாங்கி என்ன பண்றது?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தார். "இவங்கதான் எல்லாத்தையும் அளந்து குடுத்தாங்க" என்றேன். நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

ஓட்டல்காரர்கள் போன பிறகு பெரிய சண்டை. "நான் வெச்சேன், சத்தியமா வெச்சேன்!" என்று அந்தப் பெண் கத்தினார். அண்ணன் கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தார். பிறகும் தினம் ஒரு சண்டை. போன வாரம் அவர் தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வருவதாகத் தெரியவில்லை.

சேர்மானம் சொன்னதற்கு நன்றி. பாலைக் கொதிக்கவைத்து ஆற்றும் விஷயம் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது.

இப்படிக்கு,
சின்னு


மே 8

என் அன்புச் சின்னுவுக்கு,

நலமா? நான் நலம், நலம், நலம்! எத்தனை மாதமாயிற்று இப்படி எழுதி!

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, "என்னம்மா, தனியா சிரிக்கிற?" என்றார். "எங்க வீட்டுல ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு" என்றேன். கிண்ணத்தைச் சுவரில் அடித்தாரா? எந்தச் சுவர், தண்ணீர்த் தொட்டிப் பக்கமா? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. எனக்கு ஒவ்வொன்றும் வேண்டும்.

இன்னொரு நல்ல செய்தி. வேலை கிடைத்துவிட்டது! நகரத்துக்கு வெளியே ஒரு ரொட்டித் தொழிற்சாலை. பல ஊர்களில் கிளை வைத்திருக்கிறார்கள். பொறுப்பாளர் ஒரு பெண், கனமான மூக்குக்கண்ணாடி. என் பழைய கதையைச் சொல்ல வாயெடுத்தேன். "அதெல்லாம் எதுக்கு? மாவு இருக்கு, கை இருக்கு, செஞ்சு காட்டுங்க. ஒரு வாரம் பார்ப்பேன். சரியா வரலைன்னா நானே சொல்லிடுவேன்" என்றார். போன் என்ற பேச்சே இல்லை. வாரம் முடிவதற்குள் மேலாடையும் காலணியும் கொடுத்துவிட்டார்கள். இப்போது பால்ரொட்டிப் பிரிவு முழுக்க என் பொறுப்பு.

நீயும் வந்துவிடேன் சின்னு. அங்கே எதற்கு உங்கண்ணனுக்கு உழைத்துக்கொட்டிக்கொண்டு இருக்கிறாய்? உனக்கு என் கீழேயே ஒரு வேலை வாங்கித் தருகிறேன். நீ எப்போதும்போலப் பிசை, மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீயும் இல்லாவிட்டால் உங்கண்ணன் பாடு திண்டாட்டம்தான். அதை நினைத்தாலே இனிக்கிறது.

உடனே பதில் போடு.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 19

சின்னுவுக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கடிதம் கிடைக்கவில்லையோ என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

உங்கண்ணன் வந்திருந்தார்.

வேலையில் இருந்தபோது காவலாளி வந்து, உறவுக்காரர் என்று ஒருவர் எங்கெங்கோ விசாரித்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பதாகச் சொன்னார். போனேன். இஸ்திரி போட்ட சட்டை, ஆனால் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நான் கம்பிக்கதவுக்கு இந்தப்பக்கம், அவர் அந்தப்பக்கம்.

"வீட்டுக்கு வா" என்றார்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? உன் வீடுதானே."

"உங்க பேர்ல இருக்குற வீடு."

"பழசையெல்லாம் கிளறாத. நீ இல்லாம எதுவும் சரியா இல்ல. சின்னு பழைய சின்னு இல்ல, ஆளே மாறிட்டா. நீ வந்து நின்னாதான் அவ அடங்குவா."

மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை வரவில்லை பார். அவருக்குத் தேவை நான் இல்லை, உன்னை அதட்ட ஓர் ஆள். எனக்குள் அத்தனை மாதம் ஊறிக்கிடந்தது எல்லாம் ஒரேயடியாக மேலே வந்தது.

"உங்க கல்லாக்காரி போன்ல என்னைப் பத்திச் சொன்னதை நான் மறக்கலை" என்றேன். "ரெண்டு இடத்துல எனக்கு வேலை போச்சு. நான் எச்சில் தட்டு கழுவினேன்."

அவர் விழித்தார். "போனா? அவ எங்க போன் எடுத்தா? நீ போனப்புறம் கடை போன் மாவுமேடை பக்கத்துலதானே இருக்கு. எப்பவும் சின்னுதானே எடுப்பா. நானே அவகிட்ட கேட்டுத்தான் பேசணும்."

பொய் சொல்லும்போது அவர் காதைச் சொறிவார். உனக்கும் தெரியும். சொறியவில்லை.

இருந்தாலும் அவரை நான் விடவில்லை. அவர் எதிரிலேயே காவலாளியைக் கூப்பிட்டேன். "இவர் யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. வேலை கேட்டு வந்திருப்பார் போல. இங்க காலி இல்லைன்னு சொல்லி அனுப்பிருங்க" என்றேன். காவலாளி, "தள்ளுங்க சார், வண்டி வருது" என்று அவரை ஓரமாக ஒதுக்கினார். மாவு லாரி உள்ளே வந்தது. புழுதி அடங்கிய பிறகு பார்த்தேன். சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பி நடந்தேன். இந்தக் காட்சியை எத்தனை முறை மனதில் ஓட்டிப் பார்த்திருப்பேன்! நடந்தபோது பாதிதான் இனித்தது. மீதிப் பாதியை நீ எடுத்துக்கொண்டாய்.

ஒரே கேள்வி. கடை போன் யார் கையில் இருக்கிறது?

அண்ணி


ஆகஸ்ட் 2

அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் நலம் என்று தெரிகிறது.

போன் என் கையில்தான் இருக்கிறது. நீங்கள் போன நாளிலிருந்தே.

போன் செய்யாதீர்கள் என்று எழுதியது, உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே மாவு பிசைய இனியும் என்னால் முடியாது என்பதால். அப்படித்தான் இத்தனை காலம் பிசைந்தேன். கடிதம் என்றால் மடித்து வைத்துவிடலாம்.

இரண்டு இடத்தில் இருந்தும் என்னிடம்தான் பேசினார்கள். "அங்க மாவு யார் பிசைவாங்க?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்றேன். "அப்ப அவங்க?" என்று கேட்டார்கள். "அவங்க முதலாளி சம்சாரம். கல்லாவுல இருப்பாங்க" என்றேன். இதில் எது பொய்? பிசையும் மெஷின் வந்த பிறகு நீங்கள் எத்தனை நாள் பின்பக்கம் வந்தீர்கள்? சேர்மானம் கலந்துவிட்டுக் கைகழுவிக்கொண்டு முன்னால் போய்விடுவீர்கள். வாடிக்கையாளர் யாராவது ரொட்டியைப் புகழ்ந்தால், "எல்லாம் என் கைதான்" என்று சிரிப்பீர்கள். நான் உள்ளே தட்டு அடுக்கிக்கொண்டு அதைக் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் போன பிறகும் எழுதினீர்கள். என் மாவு, என் உழைப்பு, என் நாற்காலி. எங்காவது ஒரு வரியில் நானும் அந்த அறையில் இருந்ததாக வருமா என்று தேடினேன். வரவில்லை. உங்களுக்குச் சம்பளம் இல்லை என்று வருத்தப்பட்டீர்கள். எனக்கும்தான் இல்லை. அதை நீங்கள் கவனிக்கவே இல்லை.

இன்னொன்று. கல்யாணம் வேண்டாமென்று நான் இருந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். புது அடுப்புக்கு வயரிங் செய்ய ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார், நினைவிருக்கிறதா? வேலை முடிந்த பிறகும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவார். ஒருநாள் தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். நீங்கள் வாசலிலேயே நிறுத்தி, "அவளுக்கு இதுல இஷ்டமில்லைங்க, இனிமே வராதீங்க" என்றீர்கள். நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மா கொண்டுவந்த பழங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனதையும் பார்த்தேன். நீங்கள் உள்ளே வந்து என்னிடம் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் வந்தீர்கள். "மாவு எழும்பிடுச்சா பாரு" என்றீர்கள். போய்ப் பார்த்தேன். எழும்பியிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு யோசனைதான். நீங்கள் மூன்று பேரும் என்னைப் பயந்த சுபாவம் என்று நினைத்தது வசதியாகப் போயிற்று.

உப்பை உங்களுக்காகக் கொட்டவில்லை. ஒப்பந்தம் போனால் அண்ணன் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் போன பிறகு நான் வேலையை நிறுத்திவிட்டு மாடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். "கடையை என் பேருக்கு மாத்து. இல்லேன்னா நீயே பிசை" என்றேன். அண்ணன் பிசைந்தார். வாங்கியவர்கள் திருப்பிக்கொண்டு வந்து கல்லாவில் வைத்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைப் பொறுக்கமாட்டாமல்தான் உங்களைத் தேடி வந்திருக்கிறார்.

ஓட்டலுக்கு நானே போனேன். உங்கள் சேர்மானத்தில் முறையாகச் செய்து கொண்டுபோனேன். சமையல்காரர் சாப்பிட்டுவிட்டு, "இதை அன்னைக்கே குடுத்திருக்கலாமே" என்றார். "அன்னைக்குக் கடை என்னோடது இல்ல சார்" என்றேன். ஒப்பந்தம் இப்போது என் பெயரில்.

உங்கள் கீழே வேலை வாங்கித் தருவதாக எழுதியதற்கு நன்றி. தேவைப்படாது. சின்னு என்று இனிமேல் எழுத வேண்டாம். அது சிறு பிள்ளையைக் கூப்பிடுவது.

உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பேக்கரி உரிமையாளர்


அக்டோபர் 5

பேக்கரி முதலாளியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலமறிய ஆவல். கிண்டலுக்காக இப்படி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். முதல் தடவை எழுதியபோது கிண்டலாகத்தான் எழுதினேன், கிழித்துப் போட்டேன். எத்தனையோ தடவை எழுதிக் கிழித்தாயிற்று. ஒன்றில் உங்களைச் சபித்திருந்தேன். ஒன்றில் எலக்ட்ரீஷியன் விஷயத்துக்குச் சமாதானம் சொல்லியிருந்தேன். அதைப் படித்துப் பார்த்தபோது எனக்கே பொறுக்கவில்லை. எல்லாவற்றையும்விடச் சின்னத் துண்டுகளாகக் கிழித்தது அதைத்தான்.

ஆமாம், அவரைத் திருப்பி அனுப்பியது நான்தான். நீங்கள் போய்விட்டால் மாவுமேடையில் யார் நிற்பது என்றுதான் அனுப்பினேன். அன்றைக்கு ஏதோ பெரிய ஆர்டர் இருந்தது. என்ன ஆர்டர் என்பதுகூட இப்போது நினைவில்லை. மன்னிப்புக் கேட்கமாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் கொடுக்கமாட்டேன், அதனால் கேட்கவும் கூடாது.

அதற்காக, நீங்கள் செய்ததை மறந்துவிடுவேன் என்றும் எண்ண வேண்டாம். ரயிலடி பேக்கரியில் அந்தப் பெரியவர் முன்னால் நான் பொய்க்காரியாக நின்றதற்குப் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

உங்கண்ணன்மேல் எனக்கு இப்போது கோபம்கூட இல்லை. அவரை உங்களுக்கே விட்டுவிட்டேன். கல்லாவில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். சில்லறை சரியாகக் கொடுப்பார், அதில் குறை சொல்ல முடியாது.

எங்கள் தொழிற்சாலையில் புதிய கிளை ஒன்று திறக்கப் பேச்சு வந்தது. எந்த ஊரில் திறக்கலாம் என்று மூக்குக்கண்ணாடி அம்மா எல்லோரையும் கேட்டார். நான் நம் ஊரைச் சொன்னேன். "அங்க ஏற்கெனவே நல்ல பேக்கரி ஒண்ணு இருக்குதாமே?" என்றார். "இருக்கு. அங்க இருக்கிறவங்க கை எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் கேக்குறேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பொறுப்பை என்னிடமே கொடுத்துவிட்டார்.

இந்தக் கடிதத்தில் தபால்தலை இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். தையல்கார அக்காவிடம் நேரில் கொடுத்தேன். தெருவுக்கு அந்தப்பக்கம் செருப்புக்கடை இருந்து காலியான கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதைப் பார்த்து யாரோ என்று நினைத்திருப்பீர்கள். நேற்று அடுப்பு வந்து இறங்கிவிட்டது. ஆள் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். வருகிறவர்கள் முன்னால் எங்கே வேலை பார்த்தார்கள் என்று நான் கேட்பதில்லை. சம்பளத்தை மட்டும் முதலிலேயே பேசிவிடுகிறேன்.

மாவு பிசையவே தெரியாத ஒரு மனிதரைப் பழிவாங்குவதற்காக இத்தனை மாதத்தை வீணாக்கிவிட்டேன். எனக்குச் சமமான ஆள் பின்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது தெரியாமல் போயிற்று. இப்போது தெரிந்துவிட்டது. ஓட்டல் ஒப்பந்தம் வருஷக்கடைசியில் புதுப்பிக்க வரும் என்று கேள்விப்பட்டேன். அங்கே பார்ப்போம்.

அதுவரை உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், சூட்டில் வெகுநேரம் நிற்காதீர்கள். நீங்கள் படுத்துவிட்டால் எனக்கு ஜெயித்த மாதிரியே இருக்காது.

இப்படிக்கு,
எதிர்க்கடை